டேட்டாஷீட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

புதிய போர்டு ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பின் வரைபடத்தைத்தான். எந்தக் காலில் 3.3 வோல்ட், எது கிரவுண்ட் என்று தெரியாமல் ஒயரைச் செருகினால் புகைதான் வரும். அதனால் அதில் தவறில்லை. ஆனால் அந்த போர்டை நம்பி நாலைந்து மாத உழைப்பைப் போடலாமா என்று முடிவெடுக்க வேண்டுமானால், சிப்பைப் பற்றிக் கம்பெனி எழுதித் தரும் விவர ஆவணமான டேட்டாஷீட்டின் கடைசிப் பகுதியைத் திறக்க வேண்டும். எர்ராட்டா என்ற தலைப்பு அங்கே இருக்கிறதா, எத்தனை கோளாறுகளைக் கம்பெனியே எழுதி வைத்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் சுற்றுவழி சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பட்டியலே இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். கோளாறே இல்லாத சிப்பை இதுவரை யாரும் வார்த்ததில்லை.

கணினி செய்கிறவர்கள், ஆர்வத்துக்காக நிரல் எழுதுகிறவர்களுக்குக் கொடுத்துவந்த தகவலை 1970களின் கடைசியிலிருந்து வரிசையாகப் பார்த்தால் நாலு வகை தெரியும். எந்த முகவரியில் எந்த ரெஜிஸ்டர் (சிப்பைக் கட்டுப்படுத்தும் சிறு நினைவுப் பெட்டி) என்று சொல்லும் மெமரி மேப் ஒன்று. போர்டின் சர்க்யூட் வரைபடம் இன்னொன்று. அழியாத நினைவகமான ரோமுக்குள் இருக்கும் நிரலின் முழுப் பட்டியல் மூன்றாவது. நாலாவதுதான் குறைகளின் பட்டியல். முதலாவதை ஏறக்குறைய எல்லோரும் கொடுத்தார்கள். கீழே இறங்க இறங்க ஆட்கள் குறைவு.

ஆரம்பகால ஆப்பிள் முதல் மூன்றையும் சேர்த்தே கொடுத்தது. 1977-இல் ஆப்பிள் 2 விற்பனைக்கு வந்தது. 1978 ஜனவரி தேதியிட்ட சிவப்பு அட்டைக் கையேட்டில் சர்க்யூட் வரைபடம் இருந்தது, மானிட்டர் ரோமின் அசெம்பிளி பட்டியலும் இருந்தது. அந்தப் பட்டியலைப் பார்த்து ஒரு சப்ரூட்டீனின் முகவரியை எடுத்து, தன் நிரலிலிருந்து நேராக அழைத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து ஆப்பிள் நிரல்களில் முகவரிகள் எதிர்மறை எண்களாக இருப்பதைக் கண்டு இன்றும் சிலர் குழம்புகிறார்கள். காரணம் எளிது. அதன் நிரல் மொழியான இன்டிஜர் பேசிக்குக்கு 32767-க்கு மேல் எண் தெரியாது. ஸ்பீக்கரின் உண்மையான முகவரி 49200. அதிலிருந்து 65536-ஐக் கழித்தால் -16336. விசைப்பலகை 49152-இல் இருக்கிறது, ஆகவே -16384. விசையைப் படித்த பிறகு -16368-ஐத் தொட்டால்தான் அடுத்த விசை புதிதாகத் தெரியும். இதை மறந்தவர்களுக்கு ஒரே எழுத்து ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

ஸ்பீக்கர் முகவரியில் ஒரு பொறி உண்டு. அந்த முகவரியைத் தொடும் ஒவ்வொரு முறையும் கூம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளப்படும். பேசிக்கில் முகவரியைப் படிக்கும் பீக் கட்டளையைக் கொடுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முகவரியில் எழுதும் போக் கட்டளையைக் கொடுத்தால் கிட்டத்தட்ட எதுவுமே கேட்காது. பேசிக்கின் போக் கட்டளை உள்ளே பயன்படுத்தும், ஆப்பிளின் ப்ராசஸரான 6502-இன் ஆணை, எழுதுவதற்கு முந்தின க்ளாக்கில் அதே முகவரியை ஒருமுறை வெறுமனே படித்துவிடுகிறது. ஒரு மைக்ரோவினாடி இடைவெளியில் இரண்டு தொடுதல். கூம்பு போன வேகத்தில் திரும்பிவிடும். மெமரி மேப்பை மட்டும் வைத்திருப்பவர் இதற்கு ஸ்பீக்கரைத்தான் கழற்றிப் பார்ப்பார். ப்ராசஸரின் க்ளாக்வாரி நடத்தையும் தெரிந்தால்தான் காரணம் பிடிபடும்.

அந்த 6502 சிப்பைச் செய்த மாஸ் டெக்னாலஜியின் நிரல் கையேட்டில் ஒரு நல்ல வரி இருந்தது. ஆர்ஓஆர், அதாவது பிட்களை வலப்பக்கம் சுழற்றும் ஆணை, 1976 ஜூனுக்குப் பிறகு வரும் சிப்களில் கிடைக்கும் என்று அச்சடித்திருந்தார்கள். அதற்கு முந்தைய சிப் வைத்திருப்பவர் அந்த ஆணையை எழுதி, ஏன் வேலை செய்யவில்லை என்று இரவு முழுக்க முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. ஒரே ஒரு வரி. அதன் மதிப்பு அதைப் படிக்காதவருக்குத்தான் தெரியும். அதே சிப்பில் மறைமுக ஜம்ப் ஆணையிலும் ஒரு கோளாறு உண்டு. முகவரியின் இரண்டு பைட்களும் 256 பைட் பக்கத்தின் எல்லையைத் தாண்டி விழுந்தால், இரண்டாவது பைட் அடுத்த பக்கத்திலிருந்து வராமல் அதே பக்கத்தின் தொடக்கத்திலிருந்து வரும். ஜம்ப் அட்டவணையை இரட்டை எண் முகவரியில் தொடங்கினால் போதும், இந்தச் சிக்கல் எழவே எழாது.

கொமடோர் 64 பக்கம் வருவோம். 1982-இல் கணினியோடு கூடவே ஒரு ப்ரோக்ராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடு வெளிவந்தது. பேசிக்கிலிருந்து சிப்களின் ஒவ்வொரு ரெஜிஸ்டர் வரை எல்லாம் அதில் உண்டு, பின்னட்டையருகே மடித்து வைத்த சர்க்யூட் வரைபடமும் உண்டு. வீட்டுக் கணினிகளுக்கு வந்த கையேடுகளில் இதைத் தாண்டியது குறைவு என்பது என் கருத்து. ஆனால் குறைகளைப் பேசுவதில் இது கஞ்சம்.

சத்தம் எழுப்புவதையே எடுத்துக்கொள்வோம். ஒலிக்கான சிட் சிப்பின் ரெஜிஸ்டர்கள் 54272-இல் தொடங்குகின்றன. ஒலியளவுக்கு 54296-இல் 15. முதல் குரலில் சுரம் எழும் வேகமான அட்டாக், பிறகு தணியும் வேகமான டிகே இரண்டுக்கும் சேர்த்து 54277-இல் 9. நீடிக்கும் அளவான சஸ்டெயின், அடங்கும் வேகமான ரிலீஸுக்கு 54278-இல் 240. அதிர்வெண்ணின் கீழ் பைட் 54272-க்கும் மேல் பைட் 54273-க்கும் போகும். கடைசியாக 54276-இல் 17 எழுதினால் முக்கோண அலையில் சுரம் தொடங்கும். 16 எழுதினால் கேட் பிட் அணைந்து சுரம் அடங்கும். 16 எழுதாமல் மறுபடியும் 17 எழுதினால் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்தச் சிப் பார்ப்பது கேட் பிட் 0-இலிருந்து 1-க்கு மாறும் தருணத்தை மட்டும்தான்.

இந்த 29 ரெஜிஸ்டர்களில் கடைசி நாலைத் தவிர மற்றவற்றில் எழுதத்தான் முடியும், படிக்க முடியாது. 54296-இன் கீழ் நாலு பிட் ஒலியளவு, மேல் நாலு பிட்டில் ஃபில்டர் வகையும் மூன்றாம் குரலை அணைக்கும் பிட்டும். ஒலியை மட்டும் குறைக்கலாம் என்று பீக் செய்து, பாதியை மாற்றி, திருப்பி போக் செய்தால் ஃபில்டர் கெட்டுப்போகும், ஏனென்றால் பீக் தந்த எண்ணே உங்களுடையது இல்லை. எழுதும் ஒவ்வொரு மதிப்பையும் ஒரு மாறியில் நகலெடுத்து வைத்துக்கொண்டு, மாற்றத்தை அந்த நகலில் செய்து பிறகு சிப்புக்கு அனுப்ப வேண்டும். இன்றைய மைக்ரோகன்ட்ரோலர்களிலும் எழுத மட்டுமான ரெஜிஸ்டர் வந்தால் இதே வழக்கம்தான்.

அடுத்தது சுரங்களின் அட்டவணை. கையேட்டின் பிற்சேர்க்கையில் நாலாம் ஆக்டேவின் ஏ சுரத்துக்கு 7217 என்று போட்டிருக்கிறது, மேல் பைட் 28, கீழ் பைட் 49. இது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சி-க்குச் செய்த கணினிக்கான கணக்கு. சூத்திரம் இதுதான்: வேண்டிய ஹெர்ட்ஸை 16777216-ஆல் பெருக்கி, கணினியின் க்ளாக்கால் வகுக்க வேண்டும். என்டிஎஸ்சி க்ளாக் 1022727 ஹெர்ட்ஸ், ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) கணினியில் 985248. அமெரிக்க அட்டவணையைப் பால் கணினியில் அப்படியே போட்டால் 440 ஹெர்ட்ஸ் வர வேண்டிய இடத்தில் சுமார் 424 வரும். அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களுக்கு நடுவே உள்ள தூரத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். தனியாகக் கேட்டால் தெரியாது. கூட ஒரு கீபோர்டு வாசித்தால் காது கூசும். பாலுக்குச் சரியான எண் 7493, அதாவது மேல் பைட் 29, கீழ் பைட் 69. அட்டவணையை அச்சடித்தவர்கள் தலைப்பில் க்ளாக் எது என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் போதும்.

இன்னொரு விஷயம் கையேட்டில் கிடையாது. சுரத்தின் ஏற்ற இறக்கத்தை நடத்தும் என்வலப் ஜெனரேட்டரின் உள் கவுண்டர், கேட்டை மாற்றும்போது தன் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொள்வதில்லை. அதனால் சில சுரங்கள் சற்று தாமதித்து எழும், சில வேளை தொலைந்தே போகும். நிரல் எழுதியவர்கள் இதைக் காதால் கண்டுபிடித்து, ஏடிஎஸ்ஆர் கோளாறு என்று தாங்களே பெயர் வைத்தார்கள். புதுச் சுரம் தொடங்குவதற்கு ஓரிரு ஃப்ரேம் முன்னதாகவே கேட்டை அணைத்து, அட்டாக், டிகே, சஸ்டெயின், ரிலீஸ் எல்லாவற்றையும் 0 ஆக்கிவிடுவது அவர்கள் கண்ட சுற்றுவழி. எர்ராட்டா எழுதும் வேலையை வாடிக்கையாளரே கூலியில்லாமல் செய்த கதை இது.

திரையில் தனியாக நகர்த்தக்கூடிய சிறு படமான ஸ்ப்ரைட்டில் எல்லோரும் விழும் குழியையாவது கையேடு தெளிவாகச் சொன்னது. 24க்கு 21 புள்ளி, 63 பைட். முதல் ஸ்ப்ரைட்டின் சுட்டி 2040-இல். அங்கே 13 என்று எழுதினால் 13ஐ 64ஆல் பெருக்கி 832-இலிருந்து படம் எடுக்கும். அது கேசட் பஃபரின் இடம், ஆகவே டேப்பில் சேமித்தால் ஸ்ப்ரைட் குப்பையாகும். கிடைநிலை இடம் 53248-இல், ஆனால் திரையின் வலப்பக்கம் 255-ஐத் தாண்டுகிறது. தாண்டினால் பேசிக் பிழை சொல்லி நின்றுவிடும். ஒன்பதாவது பிட் 53264-இல் இருக்கிறது, எட்டு ஸ்ப்ரைட்டுகளுக்கும் ஒரே பைட்டில். உங்கள் ஸ்ப்ரைட்டின் பிட்டை மட்டும், மற்ற பிட்களைத் தொடாத ஆர் (OR) போட்டு ஏற்றுங்கள். நேராக 1 என்று எழுதினால் மற்றவற்றில் 255-ஐத் தாண்டி நிற்பவை இடப்பக்கம் தாவும்.

பிபிசி மைக்ரோ வேறு வழியில் போனது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஏகார்ன் செய்த அந்தக் கணினியோடு வந்த யூசர் கைடு, வன்பொருளை நேராகத் தொடாதே, இயங்குதளத்தை அழை என்று வாசகரை அந்தப் பக்கமே இழுக்கிறது. எழுத்தைத் திரையில் இட 65518, மற்ற வேலைகளுக்கு 65524 என்று நிலையான நுழைவாயில்கள். ரோம் மாறினாலும் வாயில் மாறாது.

கேட்காதவர்களுக்கு என்ன நடந்தது? ஏழாம் திரை வகையில் திரை நினைவகம் 31744-இல் தொடங்குகிறது. அங்கே 65 எழுதினால் இடது மேல் மூலையில் ஏ எழுத்து வரும். வேகமானது, வசதியானது. திரை ஒரு வரி மேலே நகர்ந்ததும் அதே எழுத்து வேறெங்கோ வரும், ஏனென்றால் நகர்த்துவது வன்பொருள். அது தரவை இடம் மாற்றுவதில்லை, தொடக்க முகவரியைத்தான் மாற்றுகிறது. ட்யூப் என்ற இணைப்பு வழியாக இரண்டாவது ப்ராசஸரை மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் நிரல் அப்போது ஓடுவது வேறொரு ப்ராசஸரின் தனி நினைவகத்தில். 31744 அங்கேயும் இருக்கிறது, ஆனால் அதற்குப் பின்னால் திரை இல்லை. நிரல் பிழையே சொல்லாமல் ஓடும், திரை வெறுமையாக இருக்கும். 65518 வழியாகப் போன நிரல் எந்த மாற்றமும் இல்லாமல் இரண்டிலும் ஓடியது. எல்லா முகவரியையும் அள்ளிக் கொட்டுவதைவிட, எந்த முகவரி நாளைக்கும் இருக்கும் என்று சொல்வது பெரிய உதவி. அதைச் சொல்ல ஒரு கம்பெனிக்குத் தன் எதிர்காலத் திட்டம் தெரிந்திருக்க வேண்டும்.

ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வந்தது. அதன் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் கையேட்டில் சர்க்யூட் வரைபடங்களோடு, கணினியைத் தொடக்கி வன்பொருளை நடத்தும் ரோம் நிரலான பயாஸின் முழு அசெம்பிளி பட்டியலும் இருந்தது. படிக்கக் கொடுத்தார்கள், எடுத்துக்கொள்ளக் கொடுக்கவில்லை, பதிப்புரிமை ஐபிஎம்முடையது. ஐபிஎம் பிசிக்கு இணக்கமான கணினி செய்த காம்பேக், தன் பயாஸை எழுதும்போது ஆட்களை இரண்டாகப் பிரித்தது. பட்டியலைப் பார்த்தவர்கள் அது என்ன செய்கிறது என்று விவரம் மட்டும் எழுதினார்கள், பார்க்காதவர்கள் அதை வைத்துப் புதிதாக நிரல் எழுதினார்கள். வெளியிடப்பட்ட மூலநிரல் எல்லாமே திறந்த மூலநிரல் என்று நினைக்கிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஒரு சிப்பின் ரோம் பட்டியல் கிடைத்தால், அதைத் தொடும் முன் உரிமப் பக்கத்தைப் படியுங்கள்.

எதிர்த்திசையில் போனவர் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 99/4ஏ கணினியின் உள்ளே கிடைத்த பேசிக்கில் பீக்கும் போக்கும் கிடையாது. வெளியார் மென்பொருளையும் தன் கைக்குள் வைக்கப் பார்த்தது. 1983-இல் வந்த கடைசிப் பதிப்பில் மற்ற கம்பெனிகளின் ரோம் கார்ட்ரிட்ஜ்கள் ஓடாதபடியும் செய்தது. அதே ஆண்டு அக்டோபரில் வீட்டுக் கணினி வியாபாரத்திலிருந்து விலகியது. விலைப் போரில் கொமடோரிடம் பட்ட அடியே முக்கியக் காரணம், தகவலைப் பூட்டியதால் மட்டும் ஒரு கம்பெனி விழுந்ததாகச் சொல்வது மிகை. ஆனால் அதில் 16 பிட் ப்ராசஸர் இருந்தது. அதை நேராகத் தொட்டுப் பார்க்க எத்தனை பேருக்கு வாய்ப்புக் கிடைத்தது?

இனி இன்றைய மேசைக்கு.

ஒற்றைப் போர்டு கணினியான ராஸ்பெர்ரி பை 2012 பிப்ரவரி 29 அன்று வந்தது. அதன் சிப் ப்ராட்காம் செய்த பிசிஎம்2835. அதற்கு வெளியிடப்பட்ட ஏஆர்எம் பெரிஃபெரல்ஸ் ஆவணம் 200 பக்கத்தைச் சற்றே தாண்டும். கைபேசி சிப் கம்பெனிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்காமல் ஒரு தாளும் காட்டாத காலத்தில் அது பெரிய விஷயம். ஆனால் ஆவணத்தில் தவறுகள் ஏராளம், அதற்கான திருத்தப் பட்டியலை ஆர்வலர்களே தொகுத்தார்கள். சிப்களை இணைக்கும் எஸ்பிஐ பஸ்ஸின் க்ளாக்கைப் பிரிக்கும் எண் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும் என்று ஆவணம் சொல்லும். உண்மையில் இரட்டை எண்ணாக இருந்தால் போதும். 250 மெகாஹெர்ட்ஸ் க்ளாக்கில் சரியாக 1 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமானால் 250 போடலாம். ஆவணத்தை நம்பி 256 போட்டவருக்கு 976 கிலோஹெர்ட்ஸ்தான் கிடைத்தது.

முதல்முறை படிப்பவரை முட்டவைப்பது முகவரிதான். ஆவணத்தில் எல்லா முகவரியும் ஹெக்ஸில், அதாவது பதினாறு அடிமான எண்ணில், 7இ என்று தொடங்கும். அது உள் பஸ்ஸின் முகவரி. ஏஆர்எம் ப்ராசஸர் பார்ப்பது வேறு. முதல் பையில் 20000000-இல் தொடங்கும், இரண்டிலும் மூன்றிலும் 3எஃப்000000, நாலில் எஃப்இ000000. ஆவணத்தில் உள்ளதை அப்படியே நிரலில் எழுதினால் அது உடனே விழும். ஆகவே அடிப்படை முகவரியை ஒரே ஒரு மாறியில் வைத்து, மற்றதை அதிலிருந்து எத்தனை பைட் தள்ளி என்று எழுதுங்கள். பின்களை இயக்கும் ஜிபிஐஓ பகுதி அடிப்படையிலிருந்து ஹெக்ஸ் 200000 தள்ளி இருக்கிறது.

அங்கே ஒவ்வொரு பின்னுக்கும் 3 பிட், ஒரு ரெஜிஸ்டரில் 10 பின். பின் 17 வேண்டுமென்றால் இரண்டாவது ரெஜிஸ்டர், அதாவது 4 பைட் தள்ளி. 7ஐ 3ஆல் பெருக்கினால் 21, ஆகவே 21, 22, 23 ஆகிய பிட்கள். அவுட்புட்டுக்கு 001. பலரும் நேரே ஆர் போட்டு 1ஐ ஏற்றுவார்கள். பின் ஏற்கெனவே 100 என்ற மாற்று வேலையில் இருந்தால் விடை 101 ஆகி, பின் சம்பந்தமில்லாத வேறு வேலைக்குப் போய்விடும். முதலில் மூன்று பிட்டையும் அழித்துவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். ஏற்ற 28 பைட் தள்ளி உள்ள ரெஜிஸ்டர், இறக்க 40 பைட் தள்ளி உள்ளது. இவை இரண்டிலும் ஆர் தேவையில்லை, வேண்டிய பிட்டை மட்டும் 1 ஆக்கி எழுதினால் மற்ற பின்கள் அசையாது.

பின்னை மெல்ல மேலே இழுத்து வைக்கும் புல்-அப் அமைப்பதில் இன்னொரு சடங்கு உண்டு. என்ன வேண்டும் என்று எழுதி, 150 க்ளாக் காத்திருந்து, எந்தப் பின் என்று எழுதி, மறுபடி 150 க்ளாக் காத்திருந்து, இரண்டையும் அழிக்க வேண்டும். காத்திருப்பைக் கம்பைலர் தேவையற்ற லூப் என்று நீக்கிவிட்டால், சில பின்களில் மட்டும் அமைப்பு ஒட்டாது. ஒட்டியதா என்று திருப்பிப் படிக்கவும் வழியில்லை. நாலாவது பையில் இந்தப் பகுதியை மாற்றிப் படிக்கவும் எழுதவும் கூடிய ரெஜிஸ்டர்களாக ஆக்கிவிட்டார்கள். அதனால் பழைய சடங்கு அங்கே பலிக்காது.

அந்த ஆவணம் சொல்லாத பெரிய கோளாறு, சிப்களை இரண்டு கம்பியில் இணைக்கும் ஐ2சி-யில். அடிமைச் சிப் க்ளாக் கம்பியைப் பிடித்து வைத்து நேரம் கேட்டால், இந்தச் சிப் சில தருணங்களில் அதை மதிக்காமல் மிகக் குறுகிய ஒரு துடிப்பை அனுப்பிவிடும். ஒரு பிட் தொலையும், அதற்குப் பின்னால் வரும் எல்லாம் ஒரு பிட் நகர்ந்து வரும். சென்சார் நூறு முறை சரியாகச் சொல்லி நூற்றியொன்றாவது முறை அபத்தமாகச் சொன்னால் இதைச் சந்தேகியுங்கள். வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10 வரை இறக்கிப் பார்க்கலாம், அல்லது ஐ2சி-ஜிபிஐஓ ஓவர்லே வழியாக மென்பொருளிலேயே க்ளாக் அடிக்கலாம். மென்பொருள் முறை கம்பி மேலே எழும்வரை காத்திருக்கும்.

2023-இல் வந்த ஐந்தாவது பையில் ஜிபிஐஓ முழுக்க ஆர்பி1 என்ற தனிச் சிப்புக்கு மாறிவிட்டது. முகவரியை நேராகத் தொட்ட நூலகங்கள் ஒரே நாளில் படுத்தன. லினக்ஸின் லிப்ஜிபிஐஓடி வழியாகப் போனவை, அதிகம் போனால் சிப்பின் எண்ணை மாற்றிக்கொண்டு ஓடின. பிபிசி மைக்ரோவின் 65518 நினைவுக்கு வராமல் இருக்குமா?

இடையில் ஈஎஸ்பி8266. 2014-இல் மலிவு வைஃபை மாட்யூலாக வந்தபோது ஆவணங்கள் சீன மொழியில்தான் இருந்தன. ஆர்வலர்கள் மொழிபெயர்த்து, கம்பைலர் கட்டி, அதே ஆண்டின் பிற்பகுதியில் அதைச் செய்த எஸ்பிரசிஃப் எஸ்டிகே என்ற நிரல் கருவித் தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் அது பரவியது. இன்று அவர்களின் டெக்னிக்கல் ரெஃபரன்ஸ் மேனுவல்கள் நன்றாகவே இருக்கின்றன, எர்ராட்டாவும் தனி ஆவணமாக உண்டு. வைஃபை ரேடியோ பகுதி மட்டும் இன்னும் மூடிய பைனரிதான்.

2021 ஜனவரியில் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போர்டும் அதன் ஆர்பி2040 சிப்பும் இந்த வரிசையில் எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம். நாலு டாலர் போர்டுக்கு 600 பக்கத்துக்கு மேல் டேட்டாஷீட். சிப்பை வைத்துச் சொந்த போர்டு செய்ய விரும்புவோருக்குத் தனிக் கையேடு, கூடவே போர்டு வரையும் மென்பொருளான கீகேடின் கோப்புகள். பூட் ரோமின் மூலநிரலும் வெளியே இருக்கிறது.

படித்துப் பார்க்க ஒரு சின்னப் பயிற்சி: போர்டில் இருக்கும் எல்ஈடியை நூலகம் எதுவும் இல்லாமல், மைக்ரோபைத்தானில் முகவரியை நேராகத் தொடும் மெம்32 வழியாக ஏற்றுங்கள். எல்ஈடி 25-ஆம் ஜிபிஐஓவில் இருக்கிறது. டேட்டாஷீட்டில் ஐஓ பேங்க்0 பகுதியின் அடிப்படை முகவரி ஹெக்ஸ் 40014000. ஒவ்வொரு பின்னுக்கும் 8 பைட், அதில் நாலாவது பைட்டில் தொடங்குவது கன்ட்ரோல் ரெஜிஸ்டர். ஆகவே 8ஐ 25ஆல் பெருக்கி 4 கூட்டினால் 204 பைட் தள்ளி. அங்கே 5 எழுதினால் பின் எஸ்ஐஓ பகுதியின் கைக்கு வரும். எஸ்ஐஓவின் அடிப்படை முகவரி ஹெக்ஸில் டி0000000. அதிலிருந்து 36 பைட் தள்ளி 25-ஆம் பிட்டை எழுதினால் பின் அவுட்புட் ஆகும், 20 பைட் தள்ளி எழுதினால் எரியும், 28 பைட் தள்ளி ஒவ்வொரு முறை எழுதும்போதும் மாறி மாறி எரிந்து அணையும்.

இதையே சி-யில், எஸ்டிகே இல்லாமல் எழுதினால் விளக்கு எரியாது. காரணம், மின்சாரம் வந்ததும் பெரும்பாலான பகுதிகள் ரீசெட்டிலேயே பிடித்து வைக்கப்படுகின்றன. ரீசெட்ஸ் ரெஜிஸ்டரில் ஐஓ பேங்க்0-க்கு உரிய 5-ஆம் பிட்டை அழித்து, 8 பைட் தள்ளி இருக்கும் ரீசெட்-டன் ரெஜிஸ்டரில் அதே பிட் 1 ஆகும்வரை காத்திருக்க வேண்டும். மைக்ரோபைத்தான் இதை முன்னாலேயே செய்துவிடுவதால் அங்கே தெரிவதில்லை. பிக்கோ டபிள்யூ வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சி பலிக்காது, அதில் எல்ஈடி வைஃபை சிப்பின் காலில் இருக்கிறது. பிக்கோ 2-இல் முகவரிகளே வேறு, எண்களை அதன் டேட்டாஷீட்டிலிருந்து எடுங்கள்.

இப்போது கடைசிப் பக்கங்கள். ஆர்பி2040-இன் எர்ராட்டாவில் ஈ11 என்ற எண்ணில், வோல்ட்டை எண்ணாக மாற்றும் ஏடிசி பற்றி எழுதியிருக்கிறார்கள். 512, 1536, 2560, 3584 ஆகிய நாலு இடங்களில் அளவு ஒரே எண்ணில் ஒட்டிக்கொண்டு பிறகு தாவும். பொட்டன்ஷியோமீட்டரை மெதுவாகத் திருப்பும்போது ஓரிடத்தில் நின்று குதித்தால் உங்கள் பொட்டன்ஷியோமீட்டரைக் குறை சொல்லாதீர்கள். பல அளவுகளை எடுத்துச் சராசரி போட்டாலும் இது போகாது, ஏனென்றால் இது இரைச்சல் இல்லை. துல்லியம் வேண்டுமானால் வெளியே ஒரு ஏடிசி சிப்.

ஈ5 யூஎஸ்பி பற்றியது. பரபரப்பான பஸ்ஸில் செருகினால் சிப் யூஎஸ்பி-யின் ரீசெட் நிலையிலிருந்து வெளியே வராமல் போகலாம். பி2 என்ற வார்ப்பில், அதாவது சிப்பின் பின்வந்த பதிப்பில், திருத்தப்பட்டது. அதற்கு முந்தைய பி0, பி1 சிப்களுக்கு எஸ்டிகேயில் ஒரு சுற்றுவழி இருக்கிறது, அது யூஎஸ்பி இணையும் நேரத்தில் 15-ஆம் ஜிபிஐஓவைக் கொஞ்ச நேரம் தனக்கு எடுத்துக்கொள்ளும். பழைய பிக்கோவில் 15-இல் ரிலே மாட்டி, யூஎஸ்பி செருகும்போது நடத்தை விசித்திரமாக இருந்தால் வேறு காலுக்கு மாற்றுங்கள்.

2024 ஆகஸ்டில் வந்த, பிக்கோ 2-இன் சிப்பான ஆர்பி2350-இன் ஈ9 இவை எல்லாவற்றையும்விடப் பலரைப் படுத்தியது. பின்னை உள் புல்-டவுனோடு இன்புட்டாக வைத்து, ஒருமுறை மேலே ஏற்றி விட்டுவிட்டால், அது பூஜ்யத்துக்கு இறங்காமல் ஏறக்குறைய 2.2 வோல்ட்டில் நின்றுவிடும். பின்னிலிருந்து கசியும் மின்னோட்டத்தை உள் புல்-டவுனால் இழுக்க முடியவில்லை. பொத்தானை விட்ட பிறகும் அழுத்தியபடியே இருப்பதாக நிரல் நினைக்கும். டேட்டாஷீட் சொல்லும் வழி, வெளியே 8.2 கிலோஓம் அல்லது அதற்குக் குறைந்த ரெசிஸ்டரை கிரவுண்டுக்குப் போடுவது. பொத்தான் மட்டும்தான் என்றால் அதுகூட வேண்டாம். உள் புல்-அப்பைப் போட்டு, பொத்தானின் மறுமுனையை கிரவுண்டில் மாட்டி, நிரலில் 0ஐ அழுத்தியது என்று படியுங்கள். புல்-அப் பக்கம் இந்தக் கோளாறு இல்லை. பின்னால் வந்த ஏ4 வார்ப்பில் இதைத் திருத்தினார்கள்.

உங்களிடம் இருப்பது எந்த வார்ப்பு என்று தெரிய சிப்பின் முதுகைப் பார்த்தால் போதும். ஆர்பி2040-இல் பி0, பி1, பி2 என்று அச்சிட்டிருக்கும், ஆர்பி2350-இல் பெயரின் கடைசி இரண்டு எழுத்து ஏ2 அல்லது ஏ4. எழுத்து மங்கல், லென்ஸும் பக்கவாட்டில் பிடித்த டார்ச்சும் தேவைப்படும். கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, எர்ராட்டாவில் ஒவ்வொரு கோளாறின் கீழும் எந்த வார்ப்புகளுக்குப் பொருந்தும் என்று இருக்கும் வரியோடு ஒப்பிடுங்கள்.